முதலில் வந்தவர் உதவியாளர்

குழந்தைகளுக்கான பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி ஆகியவற்றின் வரலாறு வழக்கமாக மேலிருந்து கீழாகவே சொல்லப்படுகிறது. முதலில் எலும்பு மருத்துவரும் நரம்பு மருத்துவரும் வந்தார்கள். பிறகு அவர்கள் சொன்னதைச் செய்யப் பட்டம் பெற்ற தெரபிஸ்டுகள் வந்தார்கள். கிராமத்துக்கும் குடிசைப் பகுதிக்கும் போக அவர்கள் போதவில்லை என்றானபோது, சில மாதப் பயிற்சி கொடுத்து உதவியாளர்களைச் சேர்த்தார்கள் என்பது அந்தக் கதை. அதன்படி உதவியாளர் என்பவர் பற்றாக்குறைக் காலத்து ஏற்பாடு. போதுமான தெரபிஸ்டுகள் வந்துவிட்டால் அவருக்கு வேலை இருக்காது. திட்ட அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவதால் யாரும் இதைச் சந்தேகிப்பதில்லை. ஆனால் கடந்த 120-க்கும் மேற்பட்ட ஆண்டுகளில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை தலைகீழாக இருக்கிறது. வீட்டுக்குப் போய்க் குழந்தையைக் கையில் எடுத்த ஆள்தான் பெரும்பாலும் முதலில் வந்திருக்கிறார். பட்டமும், தொழிலைச் சுற்றிப் போட்ட வேலியும் பின்னால் வந்தன. வேலி போட்ட பிறகும் அதற்கு வெளியே ஒருவர் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தார். அந்தத் தேவை குழந்தைச் சிகிச்சையின் இயல்பிலேயே இருக்கிறது என்பதும், ஆள் பற்றாக்குறை அதை வெளிச்சம் போட்டுக் காட்டியதே தவிர உண்டாக்கவில்லை என்பதும் என் வாதம்.

அந்த இயல்பைப் புரிந்துகொள்ளப் பெரிய மருத்துவ அறிவு வேண்டியதில்லை. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். பிறக்கும்போதோ அதற்கு முன்பின்னாகவோ மூளைக்கு ஏற்பட்ட சேதம் அதற்கு மேல் வளர்வதில்லை. உடம்பு அப்படி நிற்காது. எலும்பு வளர்ந்துகொண்டே போகும், விறைத்த தசை அதே வேகத்தில் நீளாது, கணுக்காலும் இடுப்பும் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கி இறுகும். இறுகாமல் காக்கிற வேலை நாள்தோறும் நடக்க வேண்டியது. எப்படிப் படுக்க வைக்கிறோம், எப்படித் தூக்குகிறோம், சோறு ஊட்டும்போது தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் கையில் பொம்மையைக் கொடுக்கிறோம் என்பதெல்லாம் அதில் அடக்கம். பேச்சு தாமதமான குழந்தைக்கும் இதே நிலைதான். ஒரு சொல் நூறு தடவை காதில் விழுந்து, நூறு தடவை வாயில் வந்து பழக வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். வசதியான நாட்டில்கூட அதில் ஒன்றோ இரண்டோ மணி நேரம்தான் குழந்தை தெரபிஸ்டின் கையில் இருக்கும். கால் முறிந்த பெரியவருக்குப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் வீட்டில் அவரே செய்துகொள்வார். ஒன்றரை வயதுக் குழந்தையிடம் அப்படிச் சொல்லி அனுப்ப முடியாது. ஆகவே மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே போய் வருகிற, தாய்க்குச் செய்து காட்டுகிற, அடுத்த வாரம் வந்து சரிபார்க்கிற ஒருவர் இல்லாமல் இந்தச் சிகிச்சை முழுமையாவதில்லை. பட்டதாரிகளைப் பத்து மடங்காக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் ஆக்னஸ் ஹன்ட். சிறுவயதில் இடுப்பு மூட்டில் வந்த நோயால் வாழ்நாள் முழுதும் கால் ஊனத்தோடு இருந்த இந்த ஆங்கிலேய நர்ஸ், 1900-ல் ஷ்ராப்ஷயர் பகுதியில் பாஸ்சர்ச் என்ற கிராமத்தில் உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். எலும்புக் காசநோய் அந்தக் காலத்துக் குழந்தைகளை முடக்கிய பெரிய நோய். திறந்த வெளிக் காற்றும் நல்ல சாப்பாடும் நீண்ட ஓய்வும்தான் மருந்து. லிவர்பூலின் புகழ்பெற்ற எலும்பு மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் பிறகு அங்கே வந்து அறுவைச் சிகிச்சைகள் செய்தார். இடம் நர்ஸ் தொடங்கியது, மருத்துவர் பின்னால் வந்து சேர்ந்தவர் என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். அதைவிட முக்கியமானது 1907-ஐ ஒட்டி ஹன்ட் ஆரம்பித்த இன்னொரு வேலை. இல்லத்தில் தேறிய குழந்தை வீட்டுக்குப் போனதும் கால்கட்டை தளரும், செருப்பு சிறிதாகும், கவனிக்க ஆள் இருக்காது, செய்த சிகிச்சை வீணாகும். இதைத் தடுக்கச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பின்கவனிப்பு மையங்களை ஏற்படுத்தி, அங்கே நர்ஸுகளை அனுப்பிக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்க்கச் செய்தார். இந்த நர்ஸுகளிடம் எலும்புச் சிகிச்சைக்கென்று தனிப் பட்டம் எதுவும் கிடையாது. வேலையில் இறங்கிக் கற்றுக்கொண்டார்கள். குழந்தைகளுக்கான சமூகச் சிகிச்சைப் பணி என்று இன்று சொல்கிறோமே, அதன் முழு வடிவமும் அங்கேயே இருக்கிறது.

அதே காலத்தில் லண்டனில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மசாஜ் நிலையம் என்ற பெயரில் விபச்சாரம் நடப்பதாக 1894-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் அம்பலப்படுத்த, மருத்துவ மசாஜ் செய்துவந்த நான்கு பெண்கள் தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் பயிற்சி பெற்ற மசாஜ் பெண்கள் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பின்னாளில் பிரிட்டனின் பிசியோதெரபிஸ்டுகள் சங்கமாக வளர்ந்தது இதுதான். அதன் தொடக்க விதிகள் சுவையானவை. மருத்துவர் சொல்லாமல் யாருக்கும் மசாஜ் செய்யக் கூடாது. சில விதிவிலக்குகள் தவிர ஆண்களுக்குப் பொது மசாஜ் கூடாது. மருத்துவ இதழ்களில் அல்லாமல் விளம்பரம் கூடாது. தேர்வும் சான்றிதழும் சேர்ந்தே வந்தன என்றாலும், முதல் வேலி திறமையைக் காக்கப் போட்டதல்ல, மானத்தைக் காக்கப் போட்டது. இதில் குறை சொல்ல எதுவுமில்லை; அன்றைய நிலையில் அந்தப் பெண்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் உள்ளே இருப்பவருக்கு எல்லாம் தெரியும், வெளியே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்ற பிற்கால நம்பிக்கைக்கு அந்த வேலியின் பிறப்பில் ஆதாரம் இல்லை.

வேலிக்கு வெளியே இருந்தவர்களில் அதிகம் பேசப்பட்டவர் எலிசபெத் கென்னி. 1880-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பிறந்தவர். முறையான நர்சிங் படிப்பு கிடையாது. பெயருக்கு முன்னால் வந்த ‘சிஸ்டர்’, முதல் உலகப்போரில் படைவீரர்களை ஏற்றிச்சென்ற கப்பல்களில் செய்த பணிக்குக் கிடைத்த பதவி. குவீன்ஸ்லாந்தின் உட்பகுதியில் 1911-ல் இளம்பிள்ளை வாதம் கண்ட ஒரு குழந்தையைத் தனியாக நின்று கவனித்ததாக அவரே எழுதியிருக்கிறார்; ஆண்டைப் பற்றி ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. அன்றைய மருத்துவம் வாதம் வந்த கைகால்களை மரக்கட்டையிலும் மாவுக்கட்டிலும் மாதக்கணக்கில் அசையாமல் கட்டிவைத்தது. கென்னி கட்டை அவிழ்த்தார். பழைய கம்பளிப் போர்வையைத் துண்டு துண்டாகக் கிழித்து, கொதிநீரில் போட்டு எடுத்து, ஒரு சொட்டுகூட மிச்சமில்லாதபடி இருமுறை பிழிந்து, வலிக்கிற தசைமேல் சுற்றினார். மூட்டுகளை மட்டும் மூடாமல் விட்டார். ஈரம் இருந்தால் தோல் வெந்துவிடும், பிழிந்துவிட்டால் சூடு மட்டும் இறங்கும். ஈரத்துணிக்கு மேல் ஈரம் புகாத துணி, அதற்கு மேல் உலர்ந்த கம்பளி. இறுக்கம் தளர்ந்ததும் குழந்தையை அந்தத் தசையில் மனத்தை வைக்கச் சொல்லி மெல்ல அசைக்கப் பழக்கினார். 1930-களின் தொடக்கத்தில் டவுன்ஸ்வில் நகரில் ஒரு ஹோட்டலின் பின்கட்டில் கொட்டகை போட்டு அவர் தொடங்கிய சிகிச்சை, அரசு ஆதரவோடு பல ஊர்களுக்குப் பரவியது. அதற்கு முன்பே ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் ஒன்றை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றிருந்ததால் அவருக்குக் கொஞ்சம் வருமானமும் இருந்தது.

இங்கேதான் என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு வருகிறது. கென்னி சொன்ன காரணங்கள் பெரும்பாலும் தப்பு. தண்டுவடத்தில் நரம்பணுக்கள் அழிவதால்தான் தசை செயலிழக்கிறது என்பதை அவர் முதன்மைப்படுத்தவில்லை. தசை இசிவும், தசையை மனம் மறந்துபோவதும்தான் நோய் என்றார். 1938-ல் குவீன்ஸ்லாந்து அரசு அமைத்த விசாரணைக் குழு அவருக்கு எதிராக அறிக்கை தந்தது. 1940-ல் அவர் அமெரிக்கா போய், மினியாபோலிஸில் 1942-ல் அவர் பெயரிலேயே ஒரு நிலையம் திறக்கப்பட்ட பிறகும், 1944-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எலும்பு மருத்துவர்களின் குழு ஒன்று அவரைக் கடுமையாக விமர்சித்தது. படிக்காதவர் கையில் சிகிச்சை போனால் இப்படிப்பட்ட தவறான விளக்கங்கள் பரவும், ஆபத்தும் வரும் என்பது மறுப்பு. நியாயமான கேள்விதான். ஆனால் தவறு எந்தப் பக்கம் எவ்வளவு ஆபத்தாக இருந்தது என்பதையும் எடைபோட வேண்டும். மாதக்கணக்கில் கட்டிப்போட்டதால் சூம்பி இறுகிய கைகால்கள் படித்தவர்களின் பாடப்புத்தகப்படி நடந்தவை. 1950-களுக்குள் வெந்நீர்க் கம்பளியும் சீக்கிரமே அசைக்கப் பழக்குவதும் மருத்துவமனைகளின் வழக்கமாகிவிட்டன. விளக்கம் உதிர்ந்தது, செய்முறை தங்கியது. அதைக் கற்ற ‘கென்னி டெக்னீஷியன்’ என்று தனியாக ஒரு பிரிவினரே உருவானார்கள். கென்னி முரட்டுப் பிடிவாதக்காரர், தன்னை விமர்சித்த யாரையும் மதிக்காதவர். அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. கையால் செய்து பார்த்துத் தெரிந்துகொள்கிற அறிவு ஒன்று உண்டு, கோட்பாடு அதற்குப் பின்னால் வந்து சேரலாம் என்பதற்கு அவர் சாட்சி, அவ்வளவுதான்.

பெர்டா போபத் வரலாறும் இதே திசையில் போகிறது, அமைதியாக. பெர்லினில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர், யூதர் என்பதால் நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் வந்தார். பக்கவாதம் வந்த ஒரு நோயாளியிடம் 1940-களில் தன் கைகளால் கண்டுபிடித்ததை, பிறகு மூளை முடக்குவாதக் குழந்தைகளிடம் பயன்படுத்தினார். அது ஏன் பலிக்கிறது என்ற நரம்பியல் விளக்கத்தை எழுதியவர் மருத்துவரான கணவர் கரெல் போபத். அந்த விளக்கத்தில் பெரும்பகுதியை இன்றைய நரம்பியல் ஏற்பதில்லை. முறையின் பலனைப் பற்றியும் விவாதம் ஓயவில்லை. ஆனால் அந்த மரபிலிருந்து வந்த பிசியோதெரபிஸ்ட் நான்சி ஃபின்னி 1968-ல் வெளியிட்ட நூல் ஒரு திருப்பம். மூளை முடக்குவாதக் குழந்தையை வீட்டில் கையாள்வது எப்படி என்று பெற்றோருக்காகவே எழுதப்பட்ட புத்தகம் அது. குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது, தூக்கிச் செல்வது என்று அன்றாட வேலைகளையே பயிற்சியாக்கியது. கால்கள் கத்தரிக்கோல்போலப் பின்னிக்கொள்கிற குழந்தையை மார்போடு சேர்த்துப் படுக்கைவாக்கில் தூக்கினால் பின்னல் இன்னும் இறுகும். இடுப்பில் கால்களை அகட்டி உட்காரவைத்துத் தூக்கினால் தொடைத் தசை நீளும், தலையை நிமிர்த்திச் சுற்றும் முற்றும் பார்க்கும். நம் ஊர்ப் பாட்டிகள் யாரும் கேட்காமலே செய்துவந்ததுதான். தெரபிஸ்டின் அறிவு வீட்டுக்குள் போக வேண்டும் என்பதை அந்தத் துறையே ஒப்புக்கொண்ட இடம் இது. புத்தகம் படிக்காத தாயிடம் அதை யார் கொண்டுபோவது என்ற கேள்வி மட்டும் மீதமிருந்தது.

ஒரு பதில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வந்தது. 1969-ல் போர்ட்டேஜ் என்ற சிற்றூரை மையமாக வைத்துத் தொடங்கிய திட்டம், பரந்த கிராமப்புறத்தில் சிதறிக் கிடந்த மாற்றுத்திறன் குழந்தைகளை ஒரே இடத்துக்கு வரவழைக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, வீட்டு ஆசிரியர்களை அனுப்பியது. அவர்களில் பட்டதாரிகளும் இருந்தார்கள், பட்டம் இல்லாதவர்களும் இருந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம். அந்த வாரத்துக்கு எட்டக்கூடிய சின்ன இலக்குகள். செய்து காட்டி, தாயைச் செய்யவைத்துப் பார்த்து, அடுத்த வாரம் வந்து சோதிப்பது. 1976 வாக்கில் இந்த முறை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் போனது. இந்தியாவுக்கும் வந்தது. சென்னையில் 1989-ல் தொடங்கப்பட்ட மதுரம் நாராயணன் மையம், நம் வீடுகளுக்கேற்ப ‘உபநயன்’ என்ற பெயரில் தனக்கென்று ஒரு பயிற்சி முறையை வகுத்துக்கொண்டது. அமெரிக்கா ஆள் பஞ்சத்தில் தவித்த ஏழை நாடல்ல என்பதை இங்கே ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

ஜமைக்காவின் அனுபவம் இன்னும் ஆழமானது; கிடைக்கிற சான்றும் அங்கேதான் உறுதியாக இருக்கிறது. மருத்துவர் மாரிகோல்ட் தோர்பர்ன் 1975-ல் கிங்ஸ்டனில் வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்காகத் தொடங்கிய திட்டத்தில், அதே பகுதிகளில் வசித்த, அதிகம் படிக்காத பெண்கள் போர்ட்டேஜ் முறையில் பயிற்சி பெற்று வீடு வீடாகப் போனார்கள். பத்தாண்டு கழித்து அதே நகரில் சாலி கிராந்தம்-மெக்ரிகர் குழு ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஊட்டக்குறைவால் உயரம் குன்றிய, 9 முதல் 24 மாத வயதுள்ள 129 குழந்தைகள். ஒரு பிரிவினருக்குச் சத்துணவு, ஒரு பிரிவினருக்கு வாராந்தர விளையாட்டுப் பயிற்சி, ஒரு பிரிவினருக்கு இரண்டும், ஒரு பிரிவினருக்கு எதுவுமில்லை. பயிற்சி கொடுத்தவர்கள் சமூகச் சுகாதார உதவியாளர்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள். வீட்டிலேயே செய்த பொம்மைகள்தான் கருவிகள். தாயும் குழந்தையும் விளையாடும் முறையைக் காட்டிவிட்டு, பொம்மைகளை அங்கேயே விட்டுவந்து, அடுத்த வாரம் வேறு கொண்டுபோவார்கள். 1991-ல் லான்செட் இதழில் வந்த முடிவுகள் பயிற்சி பெற்ற குழந்தைகளின் வளர்ச்சி மேம்பட்டதைக் காட்டின. அதோடு நிற்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து அதே ஆட்களைத் தேடிப் பிடித்தபோது, விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் சம்பாத்தியம் பெறாதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்ததாக 2014-ல் சயின்ஸ் இதழ் வெளியிட்டது. சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படியொரு பலன் தென்படவில்லை. இந்த ஆய்வின் எண்ணிக்கை சிறியது, எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆயினும் பட்டம் பெற்ற ஆளால்தான் முடியும் என்ற வாதத்துக்கு இதற்குமேல் ஒரு நேரடிப் பதில் தேவையில்லை.

உலக சுகாதார நிறுவனம் இந்த அனுபவங்களை ஒரு கொள்கையாக்க முயன்றது 1970-களின் இறுதியில். 1978 அல்மா-ஆட்டா பிரகடனம் அடிப்படைச் சுகாதாரத்தில் மறுவாழ்வையும் சேர்த்தது. அடுத்த ஆண்டே வெளிவந்த சமூகம் சார்ந்த மறுவாழ்வுக் கையேட்டின் முதல் வடிவத்தை எழுதிய மூவரில் ஒருவர் இலங்கையைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் பத்மானி மென்டிஸ். மற்ற இருவர் ஐனார் ஹெலாண்டரும் குன்னல் நெல்சனும். இந்தியா, இலங்கை, மெக்சிகோ, போட்ஸ்வானா உள்ளிட்ட நாடுகளில் சோதித்துத் திருத்தி, 1989-ல் நிறைவடிவம் பெற்ற அந்தக் கையேட்டில் வழிகாட்டிகள் நான்கு, பயிற்சித் தொகுப்புகள் 30. கோட்டுப் படங்களும் எளிய வாக்கியங்களுமாக, ஊரிலுள்ள ஒரு மேற்பார்வையாளர் வீட்டிலுள்ள ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கும்படி அமைந்தது. இரண்டு கம்புகளைக் குறுக்குக் கட்டைகளில் கட்டி நடைபழகும் கைப்பிடி செய்யச் சொல்லும். நிமிர்ந்து உட்கார முடியாத குழந்தைக்கு முதுகும் தோளும் அணைத்து நிற்கிற மூலை நாற்காலியைப் பலகையில் அடிக்கச் சொல்லும். மென்டிஸ் தன் தொழிலின் ரகசியங்களை ஊருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார் என்று தொழில்முறையாளர்களில் ஒரு தரப்பு வருந்தியதில் வியப்பில்லை. அவர் வேலிக்கு உள்ளேயிருந்து கதவைத் திறந்தவர்.

இந்தக் கையேட்டின்மேல் வைக்கப்பட்ட விமர்சனம் இருவகை. முதலாவது, பணக்காரருக்குத் தெரபிஸ்ட், ஏழைக்கு உதவியாளரா என்பது. இதற்கான பதில் மேலே வந்த நாடுகளின் பெயர்களிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் பிசியோதெரபி உதவியாளர்கள் 1969-ல் முதல் முறையாகப் படிப்பு முடித்து வந்தார்கள்; இன்று அவர்கள் அங்கே உரிமம் பெற்ற ஒரு தொழில் பிரிவு. பிரிட்டனில் அரசு மருத்துவ சேவையின் குழந்தைப் பிரிவுகளில் உதவியாளர் ஒரு நிரந்தரப் பதவி. உதவியாளரை முறையாக நியமித்தவை பணக்கார நாடுகள். அவரை ஒரு திட்டத்திலிருந்து இன்னொரு திட்டத்துக்குத் தாவவிட்டவை ஏழை நாடுகள். இரண்டாவது விமர்சனத்தை நான் கனமாகவே எடுத்துக்கொள்கிறேன். ஊர் ஆளுக்குப் பின்னால் கேள்வி கேட்கவும் சந்தேகம் தீர்க்கவும் ஒரு தெரபிஸ்ட் இல்லாவிட்டால், கையேடு சமையல் குறிப்பாகிவிடும். படத்திலுள்ள குழந்தைக்கு ஏற்றது எதிரே இருக்கிற குழந்தைக்கு ஏற்காமல் போகலாம். தானே தசைநலிவு நோயோடு வாழ்ந்த டேவிட் வெர்னர், மேற்கு மெக்சிகோவின் அஹோயா கிராமத்தில் 1981 முதல் செய்துகாட்டிய வழி வேறு. அங்கே மாற்றுத்திறனாளி இளைஞர்களே பயிற்சியாளர்களாகவும் கால்தாங்கி செய்கிறவர்களாகவும் ஆனார்கள். பட்டம் பெற்ற தெரபிஸ்டுகள் வந்து போகும் ஆசிரியர்கள், அதிகாரிகள் அல்ல. 1987-ல் வந்த அவருடைய பெரிய நூல் அந்த வேலையிலிருந்து எழுந்தது. உதவியாளர் கூடாது என்பதற்கு இந்த விமர்சனம் ஆதாரமாகாது. அவரைத் தனியே விடக் கூடாது என்பதற்கு ஆதாரம்.

தமிழ்நாட்டில் இந்த மரபுக்கு ஆழமான வேர் உண்டு, குழந்தைகளிடமிருந்து தொடங்காவிட்டாலும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதியில் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கியபோது, தசைநாணை இடம் மாற்றி வைத்த தசையை நோயாளி புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிசியோதெரபி டெக்னீஷியன்கள் தேவைப்பட்டார்கள். நோயாளிகளாக வந்தவர்களே அந்த வேலையைக் கற்றார்கள். வேலூர் அருகே கரிகிரியில் அது முறையான பயிற்சியாக வளர்ந்தது. 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் அறுவைச் சிகிச்சை செய்த மேரி வர்கீஸ், 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையத்தை அமைத்தார். குழந்தைகள் பக்கம் வந்தால், தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் பயிற்றுவித்த ஊர்ப் பெண்கள் கிராமத்து வீடுகளுக்குப் போய் மூளை முடக்குவாதமும் வளர்ச்சித் தாமதமும் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். பின்னால் தெரபிஸ்டுகள் குழு திட்டம் வகுத்து மேற்பார்க்கிறது. சென்னையில் 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகரும் பெற்றோரையும் சமூகப் பணியாளர்களையும் சேர்த்துக்கொண்டே வளர்ந்தது. பட்டப்படிப்புக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் பெருகிய பிறகும் இந்த ஊர்ப் பணியாளர்களின் தேவை குறையவில்லை. பற்றாக்குறைதான் காரணம் என்றால் குறைந்திருக்க வேண்டும்.

சரி, அந்த வாராந்தர வேலையைப் பட்டதாரியே செய்தால் இன்னும் நன்றாக இருக்காதா என்று கேட்கலாம். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் மொழி வளர்ச்சியில் பின்தங்கிய, 6 முதல் 11 வயதுள்ள 161 பள்ளிக் குழந்தைகளைப் பிரித்து, சிலருக்குப் பேச்சுப் பயிற்சி நிபுணரும் சிலருக்கு அவர் திட்டமிட்டுக் கொடுத்ததை உதவியாளரும், தனியாகவும் குழுவாகவும், வாரத்துக்கு மூன்று முறை 15 வாரங்கள் கற்பித்தார்கள். 2007-ல் வந்த அறிக்கைப்படி நிபுணர் செய்ததற்கும் உதவியாளர் செய்ததற்கும் பொருட்படுத்தக்கூடிய வேறுபாடு இல்லை. இருவரிடம் கற்றவர்களும் வழக்கமான சேவையில் இருந்தவர்களைவிடப் பேசும் மொழியில் முன்னேறினார்கள். புரிந்துகொள்ளும் மொழியில் யார் கற்பித்தும் பெரிய மாற்றமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதைவிடப் பாடமானது அதே குழு பிறகு செய்த ஆய்வு. உதவியாளரை விட்டுவிட்டு, அதே பாடத்தைப் பள்ளி ஊழியர்களிடமே ஒப்படைத்தார்கள். அவர்கள் திட்டமிட்ட அளவுக்கு வகுப்பு நடத்த முடியவில்லை, முன்பு வந்த முன்னேற்றமும் வரவில்லை. ஏற்கெனவே ஒரு வேலையைத் தலையில் சுமப்பவரிடம் இதையும் சேர்த்துக் கட்டினால் நடக்காது. இதற்கென்றே ஒருவர் வேண்டும். தாயே செய்துகொள்வாள், அங்கன்வாடி ஊழியரே பார்த்துக்கொள்வார் என்று செலவைக் குறைக்க நினைக்கிறவர்கள் இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

கடைசி மறுப்பு கூலியைப் பற்றியது. அதற்கு என்னிடம் தயாரான பதில் இல்லை. உதவியாளர் என்றாலே பெரும்பாலும் பெண், பெரும்பாலும் குறைந்த சம்பளம். பெண்ணின் உழைப்பைச் சேவை என்று பெயரிட்டு மலிவாக வாங்குவதற்கு இந்த வரலாறு முழுதும் துணைபோயிருக்கிறது என்பது உண்மை. பிரிட்டன் 2004-ல் அரசு மருத்துவ ஊழியரில் பெரும்பாலோருக்கும் பொதுவான ஊதிய நிலைகளை வகுத்தபோது சிகிச்சை உதவியாளரும் அதில் ஒரு படியில் வந்தார். இந்தியாவின் சட்டங்கள் வேறு விதமாக நடந்திருக்கின்றன. 1992-ன் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம், பதிவு செய்ய வேண்டிய தொழில்முறையாளர் பட்டியலில் சமூகம் சார்ந்த மறுவாழ்வுப் பணியாளரையும் சேர்த்தது நல்ல விஷயம். பதிவில்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்குப் பணி செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றும் வைத்தது. பிசியோதெரபி போன்ற துறைகளுக்காக 2021-ல் வந்த தேசிய ஆணையச் சட்டம், துணை மருத்துவத் தொழில்முறையாளர் என்று ஏற்கப்படக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, இரண்டு முதல் நான்கு ஆண்டுகள், என்று வரையறுத்தது. சில மாதப் பயிற்சியோடு வீட்டுப்படி ஏறுகிற பணியாளர் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறார். வேலை அவரிடமிருந்து போகவில்லை. 2018-ல் தொடங்கிய இளங்குழந்தை வீட்டுக் கவனிப்புத் திட்டத்தின்படி, ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் குழந்தையின் 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களில் வீட்டுக்குப் போய், மற்றவற்றோடு வளர்ச்சித் தாமதத்தையும் கவனிக்க வேண்டும். ஐந்து வருகைக்கு 250 ரூபாய், வருகைக்கு 50. தாமதம் தெரிந்தால் அனுப்ப வேண்டிய ஆரம்பநிலைத் தலையீட்டு மையம் மாவட்டத்துக்கு ஒன்று. அங்கே பிசியோதெரபிஸ்டுக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் பதவிகள் உண்டு. வாரா வாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அங்கே போவது தாயின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.